217-ஆம் பொந்தில் அதிர்ந்த போன்

போன மாதம் என் பழைய தொழிற்சாலையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. வாசலில் புதிதாக இரும்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்களாம். தொழிலாளி தன் கைப்பேசியை ஒரு பெட்டியில் போட்டு முகத்தைக் காட்டினால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். வேலை முடிந்து வந்து முகத்தைக் காட்டினால் தானாகத் திறக்கும். அதன் திறப்பு நாளில், அந்த வாசலில் அதிக வருஷம் நின்ற ஜாகா, அதாவது காவலாளி, என்ற முறையில் நான் வந்து நான்கு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள்.

பேசினேன். ஒரு பெண் அதைப் படம் பிடித்தாள். பிறகு அவர்கள் வெளியிட்ட படத்தில் நான் கும்பிடுவது இருக்கிறது, ரிப்பன் வெட்டுகிறவர் பின்னால் நிற்பது இருக்கிறது. பேசியது மட்டும் இல்லை. தொழிற்சங்கத்துப் பிள்ளைகள், "அங்கிள், அவங்க வெட்டுனத எங்க மலர்ல எழுதிக் குடுங்க, நாங்க ஒரு எழுத்தக்கூட வெட்ட மாட்டோம்" என்றார்கள். எழுதுகிறேன். வெட்டினால் சங்கத்து ஆபீசுக்கே வந்து உட்கார்ந்துகொள்வேன்.

நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. அதன் பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டினேன், லோரியில் மூட்டை ஏற்றினேன், நகராண்மைக்குப் புல் வெட்டினேன். இடுப்பு போனதும் ஜாகா வேலைக்கு வந்தேன். யாரும் எனக்காகச் சிபாரிசு செய்யவில்லை. ரெம்பியாவில் இன்று நான் குடியிருக்கும் வீடு என் இரண்டு கை சம்பாதித்தது. தற்பெருமை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். பன்னிரண்டு வருஷம் அந்த வாசலில் நானூறு பேருடைய கைப்பேசிகளை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று தொலைந்ததில்லை. ஒன்று மாறிப் போனதில்லை. பட்டம் வாங்கியவர்களில் யாராவது பன்னிரண்டு வருஷம் ஒரு தப்பும் செய்யாமல் வேலை பார்த்திருந்தால் என் எதிரில் வந்து உட்காரட்டும்.

அது கணினிச் சில்லு செய்யும் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். உள்ளே தூசி போகக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அதனால் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. வாசலில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் சுவர் முழுக்கப் பலகைப் பொந்துகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். போனைக் கொடுத்தால் அதே எண் போட்ட டோக்கன் கொடுப்போம்.

எனக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவர் சார்ஜன் ஓமார். பட்டாளத்தில் இருந்தவர். அவர் சட்டையின் மடிப்பில் விரல் வைத்தால் அறுத்துவிடும் போலிருக்கும். அவரோடு இருந்த காலத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எதற்கும் ஒரே வார்த்தை: "துலிஸ்." எழுது என்று அர்த்தம். மழை வந்தால் எழுது, லோரி வந்தால் எழுது, மேனேஜர் கைப்பேசியோடு உள்ளே போனால் அதையும் எழுது. நான் மலாயில் எழுதினால் எழுத்துப் பிழை இருக்கும். நேரத்தில் பிழை இருக்காது.

போனை இரண்டு கையால் வாங்க வேண்டும். வாங்கியதும் குப்புறக் கவிழ்க்க வேண்டும். திரையைப் பார்ப்பது ஜாகாவின் வேலை இல்லை. கண்ணாடியில் ஏற்கெனவே கீறல் இருந்தால் கொடுத்தவரிடமே காட்டிப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். எண்ணை வாய்விட்டுச் சொல்லி டோக்கனை நீட்ட வேண்டும். டோக்கன் இல்லாமல் வந்தால் கடவுளாக இருந்தாலும் கொடுக்கக் கூடாது. நான் சேர்ந்த நாலாம் நாள் சார்ஜன் தன் போனை என்னிடம் வைத்துவிட்டு, மத்தியானம் டோக்கன் இல்லாமல் வந்து நின்று, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"அண்ணே, என் போனு குடு."

"டோக்கன், துவான்?" துவான் என்றால் ஐயா.

"காணாப் போச்சு. நான்தானே ஒனக்கு போஸ்?"

"போஸ்தான். டோக்கன் இல்லியே."

கால் மணி நேரம் வெயிலில் நின்றார். நானும் அசையவில்லை. பிறகு பையிலிருந்து டோக்கனை எடுத்து வைத்தார், போனை வாங்கினார், புத்தகத்தைத் திருப்பி அவரே எழுதினார்: 'ஜாகா கொடுக்கவில்லை. சரி.' அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கலாம். புத்தகத்தில் தாளைக் கிழித்தால் அவரே என்னை வேலையை விட்டு அனுப்பியிருப்பார்.

போன்கள் பாடக் கூடாது என்பது இன்னொரு சட்டம். அதனால் எல்லோரும் அதிரும்படி வைத்துவிட்டுப் போவார்கள். நானூறு போன் பலகையில் அதிர்ந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? குளவிக் கூட்டுக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். அதிர்ந்து அதிர்ந்து நடந்து வந்து பொந்தின் விளிம்பில் எட்டிப் பார்க்கும், அப்புறம் கீழே விழும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் விழுந்ததைப் பொறுக்கி வைத்தார்கள். நான் ஒரு பழைய மெத்தையை வாங்கி வந்து பஞ்சை வெட்டி ஒவ்வொரு பொந்திலும் ஒட்டினேன். அடியில் ஆப்பு வைத்து அலமாரியையே பின்பக்கம் சாய்த்தேன். அதன் பிறகு ஒன்றும் விழவில்லை. இன்ஜினியர் வந்து பார்த்து, "யார் ஐடியா?" என்றார். "ஆறாம் கிளாஸ் ஐடியா" என்றேன்.

பத்து மணிக்குக் கால் மணி நேரம் ஓய்வு. வரிசையில் நின்று போனை வாங்குவதிலேயே பாதி போய்விடும். மீதி ஏழெட்டு நிமிஷத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே நின்று எல்லோரும் அவரவர் குடும்பத்தை நடத்துவார்கள். "சோறு வெந்துருச்சா, அடுப்ப அணை." "மாத்திரைய முழுங்குனியா, இல்ல ஜன்னல்ல போட்டியா?" "நீ அவனோட பேசுனதுக்கு ஸ்கிரீன்ஷோட் இருக்குடி எங்கிட்ட." கல்யாணம் நிச்சயமானதும் அந்தக் கொட்டகையில்தான், நின்றுபோனதும் அங்கேதான். எல்லாம் காதில் விழும். ஒன்றையும் நான் வெளியில் சொன்னதில்லை.

குப்புறக் கிடக்கும் போனைத் தொடாமலே எனக்கு ஒரு பாடம் தெரிந்துபோனது. சாமான் விற்கிறவன் ஒரு தடவை அடிப்பான். காதலிக்கிறவன் இரண்டு தடவை அடித்துவிட்டுச் செய்தி அனுப்புவான். விட்டு விட்டு மூன்றாம் தடவையும் அடித்தால் அது கஷ்டம். வேறெதுவும் அப்படி அடிக்காது.

ஆனால் கூண்டின் சுவரில் ஒட்டியிருந்த சட்டம் என்ன? 'ஜாகா எந்தப் போனையும் எடுத்துப் பேசக் கூடாது. அவசரம் என்றால் குடும்பத்தார் ஆபீசுக்கு அழைக்க வேண்டும்.' அதை ஒட்டியவனே நான்தான். ஆபீசுக்கு அழைத்தால் ஒரு குரல் இங்கிலீசில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லும். ஆள் கிடைத்தால் அவர் ஒரு பாரம், அதாவது படிவம், எழுதுவார். பாரம் சூப்பர்வைசருக்குப் போகும். சூப்பர்வைசர் ஓய்வு நேரத்தில் சொல்வார். இந்த வரிசையைப் போட்டவர் வீட்டில் யாருக்கும் அவசரமே வந்ததில்லை போலும்.

இப்போது விஜயலெட்சுமியின் விஷயத்துக்கு வருகிறேன். பெம்பான் பக்கத்திலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வரும் பெண், முப்பது வயதுக்கு மேல். அவள் பொந்து 217. அன்று காலை ஏழு மணிக்குப் போனைக் கொடுத்தவள் டோக்கனை வாங்காமல் நின்றாள்.

"என்னாம்மா?"

"அப்பாவ ஆஸ்பத்திரில சேத்துருக்கு அங்கிள். இனிப்பு நீரு, கால் புண்ணு. மத்தியானம் டாக்டர் பேசுறேன்னு சொன்னாரு. மத்தியானத்துக்கு மேலதான் லீவு குடுத்தாங்க."

"போம்மா. நான் இருக்கேன்" என்றேன். சும்மா சொல்கிற வார்த்தைதான். சொல்லிவிட்டேனே.

எட்டரைக்கு 217 அதிர்ந்தது. நின்றது. அதிர்ந்தது. மூன்றாம் தடவை அதிர்ந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வாக்கி-டோக்கியில் சார்ஜனைக் கூப்பிட்டேன், மீட்டிங்கில் இருந்தார். ஆபீசுக்கு அடித்தேன், "பாரம் எழுதுறோம், பத்து மணிக்குச் சொல்லிருவாங்க" என்றார்கள். ஏழாம் தடவை அதிர்ந்தது. சுவரில் நான் ஒட்டிய சட்டத்தை ஒரு தடவை பார்த்தேன். போனைத் திருப்பினேன். 'அப்பா' என்று இருந்தது. எடுத்தேன். எட்டு ஐம்பத்திரண்டு. நேரத்தை முதலில் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் பேசினேன்.

"பாப்பா?"

"பாப்பா இல்லீங்க. பேக்டரி ஜாகா பேசுறேன்."

"எம்மக போனு ஒன் கையில என்னாத்துக்கு?"

"இங்க எல்லார் போனும் என் கையிலதான்."

"ஆபீசுக்கு அடிச்சேன்யா. பாப்பாவக் கூப்புடுங்கன்னா, பாப்பான்னு இங்க யாருமே வேல செய்யலங்குறான். பொறந்ததுலேர்ந்து பாப்பான்னுதான் கூப்புடுறேன்!"

நம் ஆட்கள் மட்டும் செய்யும் தப்பு இது. வீட்டில் பாப்பா, அடையாளக் கார்டில் விஜயலெட்சுமி. பெற்ற தகப்பனுக்குப் பதற்றத்தில் கார்டுப் பெயர் வாயில் வரவில்லை. ஆபீசுக்கு வீட்டுப் பெயர் தெரியாது. எனக்கு இரண்டும் தெரிய வேண்டியதில்லை, 217 தெரியும்.

"என்னா அவசரம், சொல்லுங்க."

"முட்டிக்குக் கீழ கால எடுக்கணுமாம். விஷம் ஏறிக்கிட்டு வருதாம். இப்ப ஆப்ரேஷன் ரூம் காலியா இருக்காம், இப்ப விட்டா நாளைக்குத்தானாம், நாளைக்கு முட்டிக்கு மேல போயிருமாம். பேப்பர நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. எம்மக சொல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"உசுருக்குத்தானேங்க சொல்றாங்க. போட்டுருங்களேன்."

"நீ யாருய்யா சொல்ல? தோட்டத்த வித்தப்ப இப்புடித்தான் ஒரு பேப்பர நீட்டுனாங்க. சும்மா பேருக்குன்னாங்க. போட்டேன். வீட்ட விட்டு நானே விருப்பப்பட்டுப் போறேன்னு அதுல எழுதியிருந்துச்சு. மூணு நாள்ல சட்டி பானையோட ரோட்டுல நின்னோம். அன்னிக்கு பாப்பா எங்கிட்ட சத்தியம் வாங்குச்சு, இனிமே என்னக் கேக்காம எதுலயும் கை வைக்காதன்னு. காலு போனாலும் போவுது, சத்தியம் போவாது."

எனக்குக் கூண்டை விட்டு நகர அதிகாரம் இல்லை. கூட இருந்த நேப்பாளி ஜாகா கிரணைக் கூப்பிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் '217, அப்பா, உடனே வெளியே' என்று மலாயில் எழுதிக் கொடுத்து, "ஓடு" என்றேன். அவன் ஓடினான். ஆனால் உள்ளே அவர்கள் தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டியிருப்பார்கள். அதைக் கழற்றி, காற்று அடிக்கும் அறையைத் தாண்டி வெளியே வரக் கால் மணிக்கு மேல் ஆகும். அதுவரை இந்த மனிதர் போனை வைத்துவிட்டால், நர்ஸ் அடுத்த ஆளிடம் போய்விடுவாள்.

"ஐயா, எந்தத் தோட்டத்துல இருந்தீங்க?"

சொன்னார். எனக்குத் தெரிந்த தோட்டம்தான். ரப்பர் பால் எடுக்கும் பால்மரத் தோட்டம்.

"அடடே, பால்மரமா. சுகமான வேலதான். நெழல்ல நடந்து போயி மரத்தக் கீறிட்டு வர்றது."

அவர் வெடித்தார்.

"யாருய்யா நீ? வெள்ளனா நாலு மணிக்கு எந்திரிச்சு கொசுக்கடியில எத்தன மரம் வெட்டிருக்கேன் தெரியுமா?"

"நான் செம்பன. ஒரு கொல ஒங்க எடை இருக்கும். அத அண்ணாந்து பாத்து வெட்டணும், தல மேல விழாம தள்ளி நிக்கணும்."

"தள்ளி நிக்கிறது ஒரு வேலயா? அத ஆடு கூட செய்யும்!"

"ஆடு தூக்குமா? நான் ஒரே நாள்ல ஒரு லோரி நெறைய தூக்கிருக்கேன்."

"லோரியா! சின்னப் புள்ளைங்க வெளையாடுற லோரியா?"

பின்னால் நர்சின் குரல் கேட்டது, சீக்கிரம் என்று மலாயில். அவர் அவளிடம், "இரு மிசி, ஒருத்தன் பொய் சொல்லிக்கிட்டிருக்கான், முடிக்கட்டும்" என்றார். தமிழ் நர்ஸ் போலிருக்கிறது, சிரித்துவிட்டாள். போகவில்லை.

அப்படியே கால் மணி நேரத்துக்கு மேல் இழுத்தேன். என் வாழ்க்கையில் நான் தூக்காத குலையெல்லாம் அன்று தூக்கினேன். விஜயலெட்சுமி தலையில் போட்ட வலையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். டோக்கனை வாங்கிக்கொண்டு போனை இரண்டு கையால் கொடுத்தேன்.

"அப்பா. பேப்பர்ல என்னா எழுதியிருக்குன்னு படிச்சுக் காமிச்சாங்களா?"

அங்கே என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

"எந்தக் காலு? முட்டிக்குக் கீழதானே? அத எழுதியிருக்கான்னு மிசியக் கேளுங்க... சரி. போடுங்கப்பா... ஆமா, நாந்தான் சொல்றேன். நான் கேட்டுட்டுத்தான் சொல்றேன். போடுங்க."

நான் சுவரில் இருந்த சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் போனைச் சட்டைக் கையில் துடைத்து என்னிடம் நீட்டி, "டோக்கன் குடுங்க அங்கிள், உள்ள போகணும். லீவு மத்தியானம்தான்" என்றாள்.

அப்போதுதான் சார்ஜன் வந்து நின்றதைக் கவனித்தேன். எவ்வளவு நேரமாக நின்றாரோ. அவளைப் பார்த்தார், என் கையிலிருந்த போனைப் பார்த்தார். நடந்து போய்ப் பெரிய கேட்டை அவரே தள்ளித் திறந்தார். "பெர்கி" என்றார் அவளிடம். போ. போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்; அதோடு ஓடினாள். பிறகு அவர் கூண்டுக்குள் வந்து பேனாவை எடுத்தார். நான் எழுதிய வரிக்குக் கீழே எழுதினார்: 'ஜாகா 217-ஐ எடுத்துப் பேசினார். சட்டத்துக்கு விரோதம்.' அதற்கும் கீழே: '9.14. கேட்டைத் திறந்தது நான்.' கையெழுத்துப் போட்டார். என்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தை கூட்டவில்லை; தன்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தை குறைக்கவில்லை. பெரிய மனுஷன் என்றால் நான் அவரைத்தான் சொல்வேன்.

மறுவாரம் விசாரணை. மனிதவள அதிகாரி ஒரு தமிழ்ப் பெண், படித்த பிள்ளை. ஒரு சூப்பர்வைசரும் இருந்தார். விஜயலெட்சுமி வேலையை விட்டு நடுவில் போனதால் அவள் மிஷின் நின்றுபோனதாம்.

"போன எடுத்தீங்களா அங்கிள்?"

"எடுத்தேன் மிஸ்."

"ரூல் தெரியும்லா?"

"தெரியும். அத ஒட்டுனதே நான்தான்."

"அந்தப் பொண்ண வெளிய வரச் சொன்னது?"

"நான். அதும் மேல தப்பு இல்ல. ஜாகா சொன்னா வரணும்."

அவர் ஓர் இங்கிலீஷ் கடிதத்தை நீட்டினார். "சும்மா சைன் பண்ணிடுங்க லா. பேருக்குத்தான்."

பேருக்குத்தான்! எங்கே கேட்ட வார்த்தை! விஜயலெட்சுமியின் அப்பா அப்போது என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

"படிச்சுக் காட்டுங்க மிஸ்."

படித்தார். நடந்ததற்கு வருந்துகிறேன், இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்.

"ரெண்டு விஷயத்த எடுத்துட்டா சைன் வைக்கிறேன்."

"எது அங்கிள்?"

"வருந்துறேங்குறது ஒண்ணு. செய்ய மாட்டேங்குறது ஒண்ணு."

"அத எடுத்துட்டா லெட்டர்ல வேற என்னா இருக்கு?"

"என் பேரு இருக்கு, தேதி இருக்கு. அது ரெண்டும் உண்ம."

சூப்பர்வைசர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்னைப் பின்வாசலுக்கு மாற்றினார்கள். குப்பை லோரி வரும் வாசல். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. பதினான்கு மாதம் அங்கே நின்றேன். வேலையை விட்டுப் போய்விடுவேன் என்று நினைத்தார்கள். செம்பனைக் காட்டில் நின்றவனுக்கு வெயிலைக் காட்டிப் பயமுறுத்தினால் என்ன ஆகும்? நான் கறுத்தேன், அவ்வளவுதான்.

அதற்குள் முன்வாசலில் போன்கள் மாறிப் போக ஆரம்பித்தன. ஒருத்தி போனை இன்னொருத்தி கணவன் பார்த்து ஒரு குடும்பமே போலீசுக்குப் போனது. என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நான் ஒரு நிபந்தனை போட்டேன்: மூன்று தடவை விடாமல் அடித்தால் நான் எடுப்பேன், துண்டுக் காகிதம் உள்ளே போகும், ஆள் வெளியே வரும். எழுத்தில் தர மாட்டோம் என்றார்கள். சார்ஜன் ஓமார் தன் கடைசி வாரத்தில் இருந்தார். புத்தகத்தைத் திறந்து அதை எழுதி, "துலிஸ் முடிஞ்சுது அண்ணே" என்றார். நான் ஓய்வு பெறும் வரை அதுதான் சட்டம். அத்தனை வருஷத்தில் அனுப்பிய துண்டுக் காகிதத்தில் ஒன்றுகூடப் பொய்யான அவசரம் இல்லை.

திறப்பு விழாவில் இதைத்தான் சொன்னேன். "இந்தப் பெட்டி தூங்காது, திருடாது, மாத்திக் குடுக்காது. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனா இதுக்குக் காது இல்ல. மூணாவது தடவ அடிச்சா யாரு எடுக்குறது?" அதே மனிதவள அதிகாரிதான், இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார், படத்துக்காக என் போனையே ஒரு பெட்டியில் வைக்கச் சொன்னார். நான் 217 எங்கே என்று கேட்டு அதில் வைத்தேன். பூட்டிக்கொண்டது. படம் எடுத்தார்கள், கேக் வெட்டினார்கள், முக்கால் மணி நேரம் போனது. என் முகத்தைக் காட்டிப் பெட்டியைத் திறந்து போனை எடுத்தால், ஆறு அழைப்பு தவறியிருந்தது. எல்லாம் பெம்பான் வீரமுத்து. விஜயலெட்சுமியின் அப்பா. முட்டிக்குக் கீழே கால் போய் ஆள் பிழைத்ததிலிருந்து, வாரத்துக்கு ஒரு நாள் காலையில் எனக்கு அடித்துச் சண்டை போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அன்று அந்த நாள்.

அங்கேயே, எல்லோர் முன்னாலும், ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு அடித்தேன்.

"ஏன்யா எடுக்கல? செத்துட்டியோன்னு பாப்பாகிட்ட வேற சொல்லிட்டேன்."

"போனு பெட்டிக்குள்ள இருந்துச்சு. வெளிய கேக்கல."

"எந்த மடையன் அத உள்ள வச்சான்?"

கேக்குத் தட்டோடு நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்தார்.

"வெளிய எடுத்து வைய்யா. போன வாரம் அந்த லோரிக் கதைய விட்டியே, நான் இன்னும் அதுக்குப் பதில் சொல்லி முடிக்கல."